கேட்டுக்கார நாகையா பரீட்சை கொடுத்த கதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷத்து ஆரம்பத்தில் ரயில்வேயில் ஒரு புது உத்தரவு போட்டார்கள். தற்காலிகமாக வேலை பார்க்கும் ரயில் கேட்டுக்காரர்கள், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன்கள் எல்லோரும் ரயில்வே சட்டப் புத்தகத்தில் வாய்மொழியாகப் பரீட்சை கொடுக்க வேண்டும்; பதில் இங்கிலீஷில் இருக்க வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம். தவறினால் ரயில்வே கொடுத்த வீட்டைக் காலி செய்துவிட்டு, பழையபடி கேங்கில் சேர்ந்து தண்டவாளக் கட்டை தூக்க வேண்டியதுதான்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் அந்த உத்தரவைத் தட்டச்சு செய்த குமாஸ்தா நான். இங்கே அதைக் கிராணி என்பார்கள். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழும் இங்கிலீஷும் படித்துவிட்டுக் கப்பலேறி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் வேலையும் தற்காலிகம். என்றைக்காவது ஒரு நாள் யாராவது கூப்பிட்டு, உனக்கு இங்கே வேலை இல்லை, ஊருக்குப் போ என்று சொல்லிவிடுவார்கள் என்று நான் தினமும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிலைமையில்தான், கிள்ளானில் பிறந்து வளர்ந்து, அந்த ஊர் வழக்கப்படி பேச்சில் 'லா' சேர்க்கும் அம்புரோஸ் என்கிற பாயிண்ட்ஸ்மேன் வந்து, "கிராணி சார், ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல எங்களுக்குக் கொஞ்சம் சட்டப் புத்தகம் சொல்லிக் குடுங்க லா" என்று கேட்டான். மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் சரி என்றேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை என் குவார்ட்டர்ஸுக்கு நாலு பேர் வந்தார்கள். மூன்றாவது வாரத்தில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். ஒருவன் அம்புரோஸ். இன்னொருவர் நாகையா.

நாகையாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. நல்ல உயரம். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. விடுமுறை நாளிலும் சிவப்புக் கொடியையும் பச்சைக் கொடியையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருப்பார். வட ஆற்காட்டிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவர். கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஏழு வருஷம், பிறகு ரயில்வே கேங்கில் பதினோரு வருஷம். ஒரு மழை நாளில் கட்டை நழுவி இடது முழங்காலில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் கால் சரியாக மடங்கவில்லை. ஓவர்சீயர் ஒருவர் இரக்கப்பட்டு, கிள்ளான் போகும் பாதையில் ஒரு கேட்டுக்குக் காவலாகப் போட்டுவிட்டார். கேட்டை ஒட்டி இரண்டறை வீடு. அதில் அவரும் மனைவி வீரம்மாவும் ஐந்து வருஷமாக இருந்தார்கள். பரீட்சையில் தவறினால் அந்தக் காலோடு மறுபடி கேங்குக்குப் போக முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சட்டப் புத்தகம் முழுவதும் நாலே வார்த்தையில் அடங்கிவிடும் என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பலகையில் எழுதிக் காட்டினேன். மஸ்ட் என்றால் செய்தே ஆக வேண்டும். மஸ்ட் நாட் என்றால் செய்யவே கூடாது. ஷுட் என்றால் செய்வது நல்லது, செய்யாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். மே என்றால் செய்யலாம், அது உன் விருப்பம். அம்புரோஸ் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டான். நாகையாவுக்கு எல்லாமே மஸ்ட்.

"கேட்டுக்காரர் தம் வீட்டுக்குப் பின்னால் உள்ள நிலத்தில் காய்கறி பயிரிடலாம்" என்று ஒரு விதி. அதைப் படித்துக் காட்டிவிட்டு, இது எந்த வகை என்று கேட்டேன்.

"மஸ்ட் சார்" என்றார்.

"இல்லை, மே. பயிரிட்டாலும் சரி, பயிரிடாவிட்டாலும் சரி."

நாகையா என்னை நிமிர்ந்து பார்த்தார். "போடாட்டியும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"மாட்டார்கள்."

"வந்த புதுசுல ஓவர்சீயர் இதைப் படிச்சுக் காட்டினாரு சார். உத்தரவு போலிருக்குன்னு அன்னைலேர்ந்து பாவக்கா போட்டுக்கிட்டு இருக்கோம். மாசம் ஒருக்கா ஸ்டேஷன் மாஸ்டருகிட்ட ஒரு கூடை கொண்டுபோய்க் காட்டிட்டு வருவேன். அவரும் நல்லதுன்னு வாங்கி வச்சுக்குவாரு. எங்க வீட்டுல ரெண்டு பேருக்குமே பாவக்கா ஆகாது."

அம்புரோஸ் பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "அண்ணே, அஞ்சு வருஷமா கசப்ப வளத்திருக்கீங்க! கத்திரிக்காயாச்சும் போட்டிருக்கலாம்ல?"

"சிரிக்காதடா" என்றார் நாகையா. அவருக்குக் கோபம் இல்லை. என் பக்கம் திரும்பினார். "யாரு சார் நம்மகிட்ட வந்து 'செய்யலாம்'னு சொல்லியிருக்கா? தோட்டத்துல கங்காணி சொன்னா செய்யணும். கேங்குல மேஸ்திரி சொன்னா செய்யணும். இந்த 'லாம்'ங்குறது எல்லாம் துரைமாருங்க அவங்களுக்குள்ள பேசிக்கிறதுன்னுதான் நெனச்சேன்."

"வீட்டுல வீரம்மாக்கா சொன்னாலும் செய்யணும், அதையும் சேத்துக்குங்க" என்றான் அம்புரோஸ்.

நான் அன்று சிரிக்கவில்லை. பாடத்தில் எங்கேயோ என் பிழை இருக்கிறது என்று பட்டது. இவருக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. அந்தச் சொல் தனக்காக எழுதப்பட்டது என்று அவரால் நம்ப முடியவில்லை. அதை எந்தப் பலகையில் எழுதிக் காட்டுவது?

அடுத்த வாரம் பேச்சுவாக்கில் அவர் கக்கத்துக் கொடிகளைக் காட்டிக் கேட்டேன். "பச்சைக் கொடி காட்டினால் டிரைவர் போயே ஆக வேண்டுமா?"

"அதெப்படி சார்? முன்னாடி எருமை நின்னா நிப்பாட்டுவான்ல. வழி விட்டாச்சு. போறதும் நிக்கிறதும் அவன் பாத்து முடிவு பண்ணணும்."

"அதுதான் மே."

நாகையா கொடிகளை விரித்தார். சிவப்பு விரித்தால் மஸ்ட் நாட். பச்சையை அசைக்காமல் பிடித்தால் மே. பச்சையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால், டிரைவர் வேகத்தைக் குறைத்து வருவது நல்லது என்று அர்த்தம், அது ஷுட். மஸ்டுக்கு என்ன செய்வது? ஸ்டேஷனிலிருந்து மணி அடித்தால் கேட்டை மூடியே ஆக வேண்டும். ஆகவே மஸ்டுக்கு மணி. என் வீட்டுப் பித்தளைத் தம்ளரும் கரண்டியும் மணியாயின. அம்புரோஸ் விதியைப் படிப்பான், நாகையா கொடியைத் தூக்குவார் அல்லது தம்ளரைத் தட்டுவார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கெர்ட்ரூட் அம்மாள் வேலிமேல் எட்டிப் பார்த்து, "என்ன சார், உங்க வீட்டு வழியா ரயில் விடப் போறாங்களா?" என்று கேட்டாள்.

அப்படிப் படித்துக்கொண்டு போகையில் ஒரு விதி வந்தது. கேட்டை மூடிய பிறகு வண்டி இருபது நிமிஷத்துக்கு மேல் தாமதமாகி, ரோட்டில் ஜனங்கள் காத்துக்கொண்டிருந்தால், தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் காப்பு வைத்துவிட்டுக் கேட்டுக்காரர் கேட்டைத் திறக்கலாம். காப்பு என்றால், வண்டி வரும் பக்கத்தில் தண்டவாளத்தின்மேல் மூன்று வெடிகள் கட்ட வேண்டும். சக்கரம் ஏறினால் அவை படார் என்று வெடிக்கும், டிரைவர் வண்டியை நிறுத்திவிடுவான். மறுபக்கம் சிவப்புக் கொடி.

நாகையா அதை மூன்று முறை படிக்கச் சொன்னார்.

"திறக்கலாம்னா, யாரு சார் முடிவு பண்றது?"

"நீங்கள்தான்."

"ஸ்டேஷன் மாஸ்டரு?"

"இல்லை. நீங்கள்தான்."

பச்சைக் கொடியை அசைக்காமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பாடம் ஏறிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்.

பரீட்சை சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு, கடைசிப் பாடத்துக்கு நாகையா வீரம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருவர் முகத்திலும் ஒரு மாதிரி களை.

"சார், வெள்ளிக்கிழமை நான் கேட்டைத் திறந்துட்டேன்" என்றார்.

பலகையைக் கீழே வைத்தேன். "என்ன நடந்தது?"

அவர்கள் பக்கத்து மாரியம்மன் கோயிலில் அன்று பால்குடம். ஆற்றங்கரையிலிருந்து கிளம்பிய ஊர்வலம் கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது கேட்டு மூடியிருந்தது. ஸ்டேஷன் மணி அடித்துவிட்டது, ஆனால் வண்டியைக் காணோம். முப்பது பெண்கள், தலையில் பால்குடத்தோடு, உச்சி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்றார்கள். கோயிலுக்குப் போய்ச் சேரும்வரை குடத்தைக் கீழே வைக்கக் கூடாது.

"அது எங்க சட்டம் சார்" என்றாள் வீரம்மா. "அதுல மேயும் கெடையாது, ஷுட்டும் கெடையாது. தனலெட்சுமின்னு ஒரு பொண்ணு, காலை மாத்தி மாத்தி வைக்குது. அழுவுது, ஆனா குடத்தை விடல. நான் இவரைப் பாத்தேன். இவரு கடியாரத்தைப் பாத்தாரு. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு வாயால எண்ணுறாரு. இருபது ஆனதும் வெடி டப்பாவைத் தூக்கிட்டு நொண்டி நொண்டி ஓடுறாரு."

"மறுபக்கம் யார் கொடி பிடித்தது?" என்றேன்.

"நான்தான்" என்றாள்.

சட்டப் புத்தகத்தில் மனைவி கொடி பிடிக்கலாம் என்று எங்கேயும் இல்லை.

கேட்டைத் திறந்து, எல்லோரும் போய், கடைசிக் குடம் தாண்டியதும் தூரத்தில் எஞ்சின் ஊதும் சத்தம் கேட்டிருக்கிறது. நாகையா உடனே கேட்டை மூடிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து ஒரு மோட்டார் கார் வந்து நின்றது. தோட்டத்து உதவி மேனேஜர், சின்ன துரை. திற என்று கத்தினார். நாகையா முடியாது என்று கையைக் காட்டிவிட்டு வெடிகளை எடுக்க ஓடினார். இரண்டை எடுத்துவிட்டார். மூன்றாவதை எடுப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. விலகி நின்றார். வெடித்தது. வண்டி நின்றது. அவர் பச்சை காட்டிய பிறகு கிளம்பிப் போனது.

"கோயில்ல அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு, வேட்டு போட்டாச்சுன்னு பூசாரி மணியை அடிச்சுட்டாரு சார்" என்று வீரம்மா சிரித்தாள். "பொம்பளைங்க எல்லாம் ஓட்டமும் நடையுமா போய்ச் சேந்தாங்க. இந்த வருஷம் வேட்டு பலமா இருந்துச்சுன்னு ஊரே பேசுது."

நாகையா சிரிக்கவில்லை. "நான் செஞ்சது தப்பா சார்? நீங்கதானே நான் முடிவு பண்ணலாம்னு சொன்னீங்க?"

தப்பில்லை என்று வாய் சொல்லியது. மனசு, உன்னால் இந்த மனுஷன் வீட்டை இழக்கப் போகிறார் என்றது.

திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்த முதல் கடிதமே சின்ன துரையின் புகார். கேட்டுக்காரன் வண்டி வரும் நேரத்தில் கோயில் கூட்டத்துக்குக் கேட்டைத் திறந்துவிட்டான், எனக்கு மட்டும் மூடினான், இவனை வேலையில் வைத்திருக்கக் கூடாது என்று நீலப் பேனாவால் இரண்டு இடத்தில் கோடு போட்டு எழுதியிருந்தார். அதை மறுநாள் பரீட்சை நடத்தப் போகும் இன்ஸ்பெக்டர் துரையின் கோப்பில் நானே கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. காணாமல் போக்கிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அதற்கும் எனக்குத் தைரியம் இல்லை.

செவ்வாய்க்கிழமை, பரீட்சையில் சொல்லும் பதில்களை எழுதிக்கொள்ள என்னையே உட்கார வைத்தார்கள். அம்புரோஸ் கால் மணி நேரத்தில் தேறி வெளியே போனான். நாகையா உள்ளே வந்து சலாம் வைத்தார். கொடிகளை வாசலில் வாங்கி வைத்துவிட்டார்கள். அவர் வலது கை மட்டும் தொடையோரமாக அசைந்துகொண்டே இருந்தது. துரை கேள்வி கேட்கக் கேட்க, அந்தக் கை மெல்ல மேலும் கீழும் ஆடும், அல்லது அசையாமல் நிற்கும், அல்லது விரல் ஒரு தட்டுத் தட்டும். பிறகு பதில் வரும்.

"மணி அடித்தால்?"

விரல் தட்டியது. "கேட் மஸ்ட் பி ஷட், சார்."

"பனி மூட்டம் இருந்தால்?"

கை ஆடியது. "டிரைவர் ஷுட் கோ ஸ்லோ, சார்."

இப்படிப் பன்னிரண்டு கேள்வி. ஒன்றுகூடத் தவறவில்லை. துரை கோப்பைப் பிரித்தார். நீலக் கோடு போட்ட கடிதம் மேலே இருந்தது.

"வெள்ளிக்கிழமை கேட்டைத் திறந்தாயா?"

"எஸ் சார்."

"ஏன்?"

நாகையாவின் கை அசையாமல் நின்றது. "டிரெயின் லேட், சார். ட்வென்டி டூ மினிட்ஸ். கேட்கீப்பர் மே ஓப்பன்."

"சின்ன துரையின் காருக்கு ஏன் திறக்கவில்லை?"

"எஞ்சின் விசில், சார். மஸ்ட் ஷட். பிக் மேன், ஸ்மால் மேன், மஸ்ட் ஷட்."

துரை மீசையைத் தடவிக்கொண்டார். "மறுபக்கம் யார் கொடி பிடித்தது?"

"மை வைஃப், சார்."

"அவள் ரயில்வே ஊழியரா?"

"நோ சார். மை வைஃப்."

துரை என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். பொய் சொல்லியிருக்கலாம், எதிரே சாட்சி யாரும் இல்லை. இந்த மனுஷன் ஏன் இப்படி உண்மையைப் போட்டு உடைக்கிறார் என்று எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது.

"வெடி வைத்தேன் என்று சொல்வாய். கேட்டுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றார் துரை. "நீ வைத்தாய் என்று நான் எப்படி நம்புவது?"

நாகையாவின் கை சட்டைப் பைக்குப் போனது.

அதற்குள் துரை கோப்பில் அடுத்த தாளைப் புரட்டினார். அது எனக்குத் தெரியாத தாள். இன்னொரு புகார் என்றே நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் உரக்கப் படித்தார். அது எஞ்சின் டிரைவரின் அறிக்கை. நீராவிக் குழாய் கோளாறால் வண்டி இருபத்தைந்து நிமிஷம் நின்றது. மறுபடி கிளம்பியபோது கேட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் சக்கரத்தடியில் ஒரு வெடி வெடித்தது. வண்டியை நிறுத்தினேன். கேட்டு மூடியிருந்தது. கேட்டுக்காரன் தண்டவாளத்தோரம் நின்று பச்சை காட்டினான். பாதை சரியாக இருந்தது.

"ஒன்று வெடித்தது. மற்ற இரண்டும் எங்கே?"

நாகையா சட்டைப் பையில் கையை விட்டு, துணியில் சுற்றிய இரண்டு வெடிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். துரை நாற்காலியோடு ஒரு முழம் பின்னால் போனார். நானும் போனேன்.

"ஸ்டோர் மஸ்ட் ரிட்டர்ன், சார்" என்றார் நாகையா.

துரை சிரித்துவிட்டார். மூன்றையும் எடுத்திருந்தால் உன்னைக் காப்பாற்ற ஒரு சாட்சியும் இருந்திருக்காது, உன் முழங்கால் உன்னைக் காப்பாற்றியது என்றார். மனைவி கொடி பிடிப்பதைப் பற்றி, இனி ஒரு ஆளை வைத்துக்கொள்ள ஸ்டேஷனில் கேள் என்று மட்டும் சொன்னார். சின்ன துரைக்குப் பதில் எழுதச் சொல்லி என்னிடம் இரண்டு வரி சொன்னார். கேட்டுக்காரர் விதிப்படி நடந்தார், வணக்கம். அவ்வளவுதான். பிறகு நாகையாவின் தாளில் 'தேறினார், நிரந்தரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், கதவோரம் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்புரோஸ் நாகையாவைக் கட்டிக்கொண்டான். "அண்ணே, வெடியை மடியில கட்டிக்கிட்டா ஆபீசுக்கு வந்தீங்க? நான் உங்க பக்கத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன் லா!"

நாகையா என்னிடம் வந்தார். "சார், வீடு?"

"வீடும் உங்களுக்குத்தான்."

"யாரும் வந்து காலி பண்ணுன்னு சொல்ல மாட்டாங்களே?"

"மாட்டார்கள்" என்றேன். அந்த வார்த்தையை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயமில்லாமல் சொன்னேன். அன்று மத்தியானம் பாசாரில், சந்தைச் சாப்பாட்டுக் கடையில், மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முந்தின நாளிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது இலை போட்ட பிறகுதான் தெரிந்தது.

பாடம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு நாகையா மறுபடி வந்து நின்றார்.

"இனி என்ன பரீட்சை?" என்றேன்.

"பரீட்சை இல்ல சார். ஒரு காயிதம் எழுதணும். வீட்டுக் கூரைத் தகரம் மூணு வருஷமா ஓட்டை. மழை பேஞ்சா வீரம்மா சட்டியும் பானையுமா தூக்கி வைக்கும். டெம்பரவரி ஆளு எப்படிக் கேக்குறதுன்னு சும்மா இருந்தோம். இப்போ கேக்கலாம்ல?"

கேட்கலாம் என்றேன். பலகையை எடுத்துக்கொண்டு, தாங்கள் தயைகூர்ந்து கூரையைப் பழுதுபார்த்தால் நன்றாக இருக்கும் என்கிற மாதிரி ஒரு வரியை இங்கிலீஷில் எழுதிப் படித்துக் காட்டினேன். நாகையா தலையை ஆட்டினார்.

"மஸ்ட் போடுங்க சார்."

"துரைக்கு எழுதும்போது அப்படியெல்லாம் போடக் கூடாது. கோபித்துக்கொள்வார்கள்."

"சட்டப் புத்தகத்துல பாருங்க. வீட்டுக் கூரையை ரயில்வே பழுதில்லாம வச்சிருக்கணும்னு இருக்கா இல்லையா? நீங்கதான் படிச்சுக் காட்டினீங்க. அந்த எடத்துல நான் மணி அடிச்சேன்."

எடுத்துப் பார்த்தேன். மஸ்ட் என்றுதான் இருந்தது. அப்படியே எழுதினேன். கடிதத்தின் அடியில் அவர் தம் பெயரை இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினோராம் நாள் தகரம் டிராலியில் வந்து இறங்கியது. கூட வந்த இரண்டு ஆட்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கூரையில் ஏறலாம் என்று உட்கார்ந்தார்களாம். வானம் கறுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து, முதலில் ஏறுங்கள், பிறகு தேத்தண்ணீர் என்று வீரம்மா சொல்லிவிட்டாளாம். சாயங்காலம் மழை பிடித்தபோது அந்த ஆட்களோடு அவர்கள் நாலு பேரும் உள்ளே உட்கார்ந்து, ஒழுகாத கூரையில் அது விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததாக நாகையா என்னிடம் சொன்னார்.